பட்டைக்குள் ஈரம்

எங்கள் ஆற்றோரத்தில் ஒருவனிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். கரடி எப்படித் தப்பித்தது என்று கேட்கலாம், பெண்டாட்டி ஏன் கோபித்துக்கொண்டு போனாள் என்றுகூடக் கேட்கலாம், முகம் கோணாமல் பதில் சொல்வான். அவன் விறகைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. "என்னப்பா, இந்த வருஷம் அடுக்கு கொஞ்சம் குட்டையா இருக்கே" என்று சொன்னால் போதும், பத்து வருஷச் சிநேகம் அன்றோடு சரி. விறகுதான் இங்கே ஒருவனுடைய மானம். முப்பத்தொரு குளிர்காலம் இங்கே கழித்த நான் இரண்டே முறைதான் அந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். ஒரு முறை என் புருஷன் ரூஃபஸிடம் செய்தேன். அவன் ஒரு வாரம் பேசவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது. இன்னொரு முறை ஹார்லன் ட்வீட்டிடம்.

அந்த ஜனவரியில் வழக்கம்போலக் காய்ந்த சால்மன் கட்டு ஒன்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஏழு நாய்களைப் பூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவர்கள் நாய்களுக்கு என் மீன், எனக்கு அவர்களுடைய உருளைக்கிழங்கு இரண்டு மூட்டை. ரூஃபஸ் செத்துப்போன பிறகு நான் தோட்டம் போடுவதை விட்டுவிட்டேன். ஊசிக்கல் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் அவர்கள் வீடு, என் வீட்டிலிருந்து பதினோரு மைல் மேலே. நடுவில் வேறு வீடு கிடையாது. கரண்டு கம்பி, சாலை, டெலிபோன் எதுவும் யாருக்கும் கிடையாது. கிளம்பும்போது மைனஸ் முப்பது. பயணத்துக்கு நல்ல நாள். போய்ச் சேரும்போது நாய்களின் முதுகெல்லாம் வெளுத்திருந்தது. என் முன்னத்தி நாய்க்குப் பெயர் பாதிரி. எதைக் கண்டாலும் நின்று பிரசங்கம் செய்யும், அதனால் அந்தப் பெயர். அன்றைக்கு அது ஒரு வார்த்தை பேசாமல் மூக்கை வாலுக்குள் செருகிப் படுத்துக்கொண்டது. அது பேசாமல் படுத்தால் பெருங்குளிர் இறங்குகிறது என்று அர்த்தம். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

ஹார்லன் மின்னசோட்டாவில் தச்சனாக இருந்தவன். உயரமான ஆள், தாடி, அளந்து அளந்து பேசுவான். கல்யாணமான மறுவருஷமே லோர்னாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்து, காட்டைத் திருத்தி, மரத்தடி அடுக்கி வீடு கட்டினான். அரசாங்கக் காடுதான். ஐந்து வருஷம் அங்கேயே வீடு கட்டி வாழ்ந்து காட்டினால் நிலம் அவர்கள் பெயருக்கு வந்துவிடும். இது ஐந்தாவது குளிர்காலம். நாலு மாசத்தைத் தள்ளிவிட்டால் முடிந்தது.

கதவைத் திறந்ததும் லோர்னா என்னைக் கட்டிக்கொண்டாள். முப்பது வயதுகூட ஆகாதவள், தோள் மட்டும் ஆண்பிள்ளைத் தோள். மேசையில் மூஸ் மான் கறிக் குழம்பு ஆவி பறந்தது. நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். வீட்டின் தெற்குச் சுவரில் புதிதாக ஒரு வாசல் திறந்திருந்தது, அதற்கு அப்பால் புதிய அறை.

"போய்ப் பாருங்க பெர்த்தா. அவர் கோடை முழுக்கக் கட்டினது" என்றாள் லோர்னா.

போய்ப் பார்த்தேன். குறை சொல்ல முடியாத வேலை. உலர்ந்த ஸ்ப்ரூஸ் மரப் பலகைகளை மயிரிழை இடைவெளி இல்லாமல் இழைத்துப் பொருத்தியிருந்தான். தெற்கே ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடி ஜன்னல், நகரத்திலிருந்து படகில் மெத்தைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது.

"முதல் வருஷம் அவ ஒரு தடவை சொன்னா, ரெண்டு மாசமா சூரியனையே பாக்கலன்னு" என்றான் ஹார்லன் எனக்குப் பின்னால் நின்று. "சூரியன் மலைக்கு மேல தலைகாட்டுற முதல் நாள் இந்த ஜன்னல்ல தெரியும். கணக்குப் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

அழகாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்றபோது என் மூச்சு புகையாக வெளியே வந்தது. வீட்டுக்குள் என் மூச்சை நான் பார்க்கக் கூடாது.

சாப்பிட உட்கார்ந்தோம். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்பு எங்களுக்கு இரண்டடி தள்ளி இருந்தது. அதற்குள்ளிருந்து ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. நான் கரண்டியை நிறுத்தினேன். லோர்னா என்னைப் பார்த்தாள். ஹார்லன் குழம்பையே பார்த்தான். விறகுக்கட்டையின் வெட்டுமுனையில் தண்ணீர் கொதித்துக் குமிழி விட்டால்தான் அந்தச் சத்தம் வரும். பச்சைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நான் குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன்.

ஏழு மணிக்கு லோர்னா ரேடியோவைத் திருப்பினாள். நகரத்து நிலையம் தினமும் அந்த நேரத்துக்குக் காட்டில் இருக்கிறவர்களுக்கு வந்த சேதிகளைப் படிக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படிப்பார்கள், முதல் தடவை இரைச்சலில் போய்விடலாம் என்று. யார் சேதியாக இருந்தாலும் ஆறு முழுக்கக் கேட்கும். எவன் பல்லைப் பிடுங்கினான், எவள் மாமியார் வரப்போகிறாள், எல்லாம் எல்லாருக்கும் தெரியும். கேட்கலாம், பதில் சொல்லத்தான் முடியாது. அன்று மூன்றாவது சேதி லோர்னாவுக்கு. அவள் அம்மா அனுப்பியது: குளிர் அதிகமாமே, கம்பளி உள்ளாடை போடுகிறாயா, சளி இருக்கிறதா.

"இருக்குன்னு யார்கிட்டச் சொல்றது" என்றாள் லோர்னா ரேடியோவைப் பார்த்து. "ஊருக்கே என் உள்ளாடை தெரிஞ்சுபோச்சு."

மறுநாள் காலையில் பார்த்தால் மைனஸ் நாற்பத்தாறு. கதவின் ஆணித்தலை ஒவ்வொன்றிலும் உள்பக்கம் கட்டை விரல் பருமன் பனி. புகை போக்கியிலிருந்து எழுந்த புகை கூரைக்கு மேல் கொஞ்ச தூரம் போய், பிறகு போக வழி தெரியாமல் அப்படியே படுத்துக்கிடந்தது. நாற்பதுக்குக் கீழே என் வயதில் நாய் பூட்டிப் போவது தற்கொலை. மாட்டிக்கொண்டேன்.

இரவு தங்கினால் அந்த வீட்டில் எரிப்பதை நாமே பிளந்து போட வேண்டும், அது எங்கள் பழக்கம். கோடரித் தலையை அடுப்பருகே வைத்துச் சூடேற்றினேன். அப்படியே எடுத்துப் போனால் இந்தக் குளிரில் வாய் தெறித்துவிடும். வெளியே அடுக்கு நல்ல நீளம், நல்ல உயரம். பார்த்தால் இரண்டு குளிர்காலத்துக்குத் தாங்கும். அத்தனையும் பிர்ச் மரம். வெள்ளைப் பட்டை, வட்டம் வட்டமாக அறுத்த கட்டைகள்.

முதல் கட்டையில் கோடரியை இறக்கினேன். டிங் என்று இரண்டாகப் பறந்தது. அடுத்ததும் அப்படியே. நாற்பது டிகிரிக் குளிரில் ஈர விறகும் கண்ணாடி போலப் பிளக்கும், அதுதான் குளிர் செய்யும் மோசடி. கையில் எடுத்துப் பார்த்தேன், ஈயம் மாதிரி கனம். உள்ளே உறைந்த தண்ணீர் மினுங்கியது. பிர்ச்சைப் பட்டையோடு முழுக்கட்டையாகப் போட்டுவைத்தால் பத்து வருஷம் ஆனாலும் காயாது. பட்டை தண்ணீர்ப் பை மாதிரி, ஒரு சொட்டு வெளியே விடாது. வசந்தத்தில் அறுத்த கையோடு பிளந்து போட்டிருக்க வேண்டும். அந்தக் கோடையில்தான் ஹார்லன் ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தான்.

மத்தியானம் லோர்னாவோடு தண்ணீர் எடுக்கப் போனேன். ஆற்றின் உறைகட்டியில் வெட்டிய துளை இரவில் நாலு விரல் கனத்துக்கு உறைந்து மூடியிருந்தது. அவள் இரும்பு உளியால் இடித்தாள், நான் சல்லடையில் பனிச்சில்லை அள்ளிக் கொட்டினேன்.

"பாத்துட்டீங்கதானே" என்றாள் நிமிராமல்.

"என்னத்த?"

"நடிக்காதீங்க பெர்த்தா. உங்களுக்கு வராது."

"பாத்தேன்."

"ஜூன் மாசமே சொன்னேன். பிளந்து போடு, பிளந்து போடு, மத்தது அப்புறம் பாக்கலாம்னு. நானே பிளக்கறேன்னு கோடரிய எடுத்தேன். வாங்கி வெச்சிட்டாரு. 'என் பொண்டாட்டி விறகு பிளக்கிறத ஆத்துல போற படகெல்லாம் பாக்கணுமா'ன்னாரு. அப்புறம் அந்த ரூமு, ஜன்னலு." உளி நின்றது. "நான் ஜன்னலா கேட்டேன்? அது அழகா இருக்கு, அதான் எரிச்சலா இருக்கு. அசிங்கமா இருந்தா திட்டியாவது தீத்திருப்பேன்."

"ஆம்பளைங்க தப்ப ஒத்துக்கமாட்டாங்கம்மா. என் ரூஃபஸ் அம்பது அடி ஆத்துல அடிச்சிட்டுப் போறப்பகூட, 'நான் குளிக்கத்தான் எறங்கினேன்'ன்னான்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எனக்குக் குளிரு பழகிடுச்சு. அது பெரிசில்ல. நவம்பர்லேர்ந்து இந்த வீட்ல அடுப்பு ஸ்ஸ்ஸ்னு கத்துது. ஒவ்வொரு நாளும் அவர் என் மூஞ்சப் பாத்து, காத்து சரியில்ல, புகைக்குழாய் சரியில்ல, பீப்பா சரியில்லங்கறாரு. நான் என்ன பைத்தியமா? விறகு ஈரம்னு ஒரே ஒரு தடவ சொல்லட்டும். ரெண்டு வார்த்த. அது போதும் எனக்கு. சொல்லலன்னா குளிரு விட்டு மெர்ல் தபால் பிளேன் வர்ற அன்னிக்கி அதுல ஏறிடுவேன்."

"நிலம்?"

"அவரு இருந்து வாங்கிக்கட்டும். ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு."

விளையாட்டாகச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் கித்தான் பை ஒன்று துணி அடைத்துத் தயாராக இருந்ததை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். இருவருமே எனக்கு வேண்டியவர்கள்.

அந்த வேதனையில்தான் அன்று மாலை நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஹார்லன் நாய்களுக்கு மீன் வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஹார்லன், அந்த பிர்ச்சு கொஞ்சம் பச்சையா இருக்கோ?"

அவன் மீனை வெட்டிக்கொண்டே இருந்தான். "நல்லாத்தானே பிளக்குது."

"பிளக்குதுப்பா. உறைஞ்சா என்னதான் பிளக்காது?"

"குழாய்ல ஒரு மூட்டு லூசா இருக்கு. அதான் இழுக்கமாட்டேங்குது. நாளைக்குச் சரி பண்ணிடுவேன்." தாடியில் பனி தொங்கியது. விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, இவனுக்குத் தாடியிலும் ஒட்டாது. அதற்குப் பிறகு என்னிடம் இரண்டு நாள் "தேங்க்ஸ்", "உப்பு" தவிர வேறு பேசவில்லை.

ஆனால் சும்மா இருந்தான் என்று சொல்ல மாட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் பழைய காட்டுத்தீயில் செத்து நின்ற ஸ்ப்ரூஸ் மரங்கள் உண்டு. எலும்பு மாதிரி காய்ந்த விறகு. அதற்காக மூன்றாம் நாள் கிளம்பினான். நடு ஆற்றில் உறைகட்டி விரிசலிலிருந்து கசிந்த தண்ணீர், மேல்பனிக்கு அடியில் தெரியாமல் பரவியிருந்தது. முழங்கால்வரை நனைந்து, கால்சட்டை இரும்புக்குழாய் ஆகி, ஒரு கட்டைகூட இல்லாமல் திரும்பினான். லோர்னா அவன் பூட்ஸை வெட்டிக் கழற்றி, காலை எடுத்துத் தன் வயிற்றில் வைத்துச் சூடேற்றினாள். அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிவிடப் போகிறான் என்று நான் நினைத்தேன். "தண்ணி எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல" என்றான். லோர்னா காலை இறக்கிவைத்துவிட்டு எழுந்து போனாள்.

மைனஸ் நாற்பத்தெட்டு, ஐம்பது, நாற்பத்தொன்பது. நாள் என்பது நாலு மணி நேரச் சாம்பல் வெளிச்சம். மற்ற நேரமெல்லாம் அடுப்புக்குச் சேவகம். மூன்று பேரும் முறை வைத்து அடைத்தோம். அடுப்பின் காற்றுவாயைத் திறந்து ஈர விறகை எரித்தால் காலையில் அள்ளினது மத்தியானத்துக்கு வராது. மூடி எரித்தால் சூடு வராது, புகைதான் வரும். ரொட்டிக்கான புளித்த மாவுப் பானை உறைந்துவிடாமல் இருக்க லோர்னா அதைத் தினமும் படுக்கைக்குள் எடுத்துக்கொண்டு தூங்கினாள்.

"அவருக்கும் எனக்கும் நடுவுல வெச்சிருக்கேன். இப்போதைக்கு எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல புளிச்சு நிக்கிறது அது ஒண்ணுதான்னு நெனச்சுக்கட்டும்" என்றாள் என்னிடம்.

தரைக்கு அடியில் கிழங்கு அறை. பலகையைத் தூக்கி விளக்கை இறக்கிப் பார்ப்பது அவள் வேலை. ஒரு குளிர்காலத்துக்கான சாப்பாடும் அடுத்த வருஷ விதையும் அங்கேதான். கிழங்கு ஒரு தடவை உறைந்தால் கூழாகிவிடும். முதல் நாள் நாலு டிகிரி. பிறகு மூன்று. ஐந்தாம் நாள் காலை ஒன்று.

"ஒண்ணு" என்றாள் மேலே வந்து. யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னாள்.

ஹார்லன் எழுந்து அடுப்பின் காற்றுவாயை முழுக்கத் திறந்துவிட்டான். கைக்கு அகப்பட்ட சுள்ளிகளையெல்லாம் உள்ளே திணித்தான். அதுதான் வினை. ஐந்து நாளாக மூடி எரித்த ஈர விறகின் புகை, குழாய்க்குள் தாராகப் படிந்திருந்தது. அது பற்றிக்கொண்டது.

முதலில் ஒரு முனகல் கேட்டது, பிறகு ரயில் போகிற மாதிரி இரைச்சல். குழாய் கருப்பிலிருந்து சிவப்பாயிற்று, சிவப்பு கூரை வரை ஏறியது. நான் காற்றுவாயை அடைத்தேன். லோர்னா ஒரு சாக்கைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி அடுப்புக்குள் எறிந்து கதவைச் சாத்தினாள். நீராவி போய்த்தான் அந்த நெருப்பை அணைக்க வேண்டும். ஹார்லன் ஏணியில் கூரைக்கு ஓடினான். உச்சிமூடி தாரில் ஒட்டிக்கொண்டு பொறி பக்கவாட்டில் பறந்தது. கூரையில் பனி இருந்ததால் பிழைத்தோம். ஆனால் மூடியை எடுத்தே ஆக வேண்டும். கையுறை வழுக்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் திருகிப் பிடுங்கினான்.

அணைந்தது. அவன் கீழே வந்தபோது வலது உள்ளங்கையில் தோல் இல்லை. இடது கையின் மூன்று விரல் மெழுகு மாதிரி வெள்ளை. ஒரே ஆள், ஒரே வேளையில், ஒரு கை வெந்து ஒரு கை உறைந்து வந்து நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். லோர்னா கட்டுப் போட்டாள். கண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது.

"குழாய் பழசு" என்றான் ஹார்லன்.

கட்டுத் துணியின் முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கினாள் அவள். எழுந்தாள். சுவரிலிருந்து நெம்புகம்பியை எடுத்துக்கொண்டு தெற்கு அறைக்குள் போனாள்.

நான் பின்னால் ஓடினேன். முதல் பலகையை அவள் நெம்பியாயிற்று.

"லோர்னா!"

"காஞ்ச விறகு இருக்கற ஒரே எடம் இதுதான். ரெண்டு வருஷம் நிழல்ல காயவெச்ச ஸ்ப்ரூஸ். பலகைக்கு மட்டும் அவருக்கு ஈரம் காயணும்னு தெரிஞ்சிருக்கு." நெம்பினாள். "இந்த ரூம் சூட்டைத் தின்னுது. இத எரிச்சா வீடு சின்னதாவும் ஆகும், சூடாவும் ஆகும். ஜன்னலைப் பிடிங்க. அது உடையக்கூடாது."

ஹார்லன் வாசலில் வந்து நின்றான். கட்டுப்போட்ட இரண்டு கையையும் மார்புக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்தான். கோடை முழுக்க அவன் இழைத்த பலகை ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. தடுப்பான் என்று நினைத்தேன்.

"மேல் வரிசைய முதல்ல எடு. ஆணி சின்னது, அங்கேர்ந்துதான் சுலபமா வரும்" என்றான்.

அப்படியே செய்தாள். ஜன்னலை நாங்கள் இருவரும் தூக்கி, போர்வை சுற்றி, கட்டிலுக்குப் பின்னால் வைத்தோம். வாசலை மூஸ் தோலால் அடைத்தோம். இடுக்கில் காற்று வந்த இடத்தில் லோர்னா தன் கித்தான் பையைத் துணியோடு திணித்தாள். ஹார்லன் அந்தப் பையைப் பார்த்தான். அது எதற்காகக் கட்டியது என்று அவனுக்குப் புரிந்தது.

குழாயைத் தட்டி நிமிர்த்தி மாட்டி, பலகையை எரித்தோம். எத்தனை நாள் கழித்து அந்த வீட்டில் ஸ்ஸ்ஸ் சத்தம் நின்றது! படபடவென்று காய்ந்த விறகு எரிகிற சத்தம் கேட்டு எனக்கே கண் கலங்கியது. மாலைக்குள் கிழங்கு அறை மூன்று டிகிரிக்கு வந்தது. உள்ளே பனி தொங்கிய ஆணித்தலைகள் சொட்டத் தொடங்கின. அவன் நாற்காலியில் உட்கார்ந்து நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். லோர்னா அவனுக்குக் குழம்பை ஊட்டினாள். இரண்டு கையும் இல்லாதவனை வேறென்ன செய்வது.

"சூடா இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"வேற ஏதாவது சொல்லணுமா?"

அவன் வாயைத் திறந்தான். தாடை அசைந்தது. எனக்கே அவன் மேல் இரக்கமாக இருந்தது. ஒரு மனுஷன் ரெண்டு வார்த்தைக்கு இப்படியா திணறுவான்? "உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

ஒன்பதாம் நாள் குளிர் விட்டது. மைனஸ் இருபது, மேலங்கி இல்லாமல் நடக்கலாம் போலிருந்தது. மத்தியானம் ஆற்றின் மேல் மெர்லுடைய விமானம் சத்தம் போட்டது. பனிச்சறுக்குக் கட்டை மாட்டிய சின்ன விமானம், பின்னால் ஒரே ஒரு இருக்கை. மெர்ல் இறங்கி வந்து தபாலை நீட்டினான். ஹார்லனின் கையைப் பார்த்ததும் விசில் அடித்தான்.

"இது ஆஸ்பத்திரிக் கேஸுப்பா. இன்னைக்கே ஏறு. விரல் வேணும்னா இன்னைக்கே."

ஒரு இருக்கை. லோர்னா சுவர் இடுக்கில் இருந்த பையைப் பார்த்தாள், பிறகு அவன் விரல்களைப் பார்த்தாள்.

"அவரக் கூட்டிட்டுப் போங்க" என்றாள் மெர்லிடம். "நாய்க்குத் தீனி போட ஆள் வேணும். அடுப்பு அணைஞ்சா கிழங்கு போச்சு. நான் இருக்கேன்." பிறகு புருஷனிடம் சொன்னாள், எங்கள் எல்லார் காதிலும் விழும்படி: "நீ திரும்பி வர்ற பிளேன்ல நான் போறேன். இருக்கை காலியாத்தானே போகும்."

அவன் தலையசைத்தான். அவளே அவனுக்குத் தொப்பியை மாட்டி, காது மறைய இழுத்துவிட்டாள். விமானம் மரங்களுக்கு மேலே போய் மறைகிறவரை நின்றோம். அப்போது பார்த்தால் தெற்கு மலைமேல் சூரியன் ஒரு நகத்துண்டு தெரிந்தது. ஜன்னல் இருந்த இடத்துக்கு நேராகத்தான். கணக்கு சரியாகவே போட்டிருந்தான். லோர்னா அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் நான் வீட்டுக்குக் கிளம்பினேன். கிளம்புகிற அவசரத்தில், நாய்கள் ஒன்பது நாள் அடைபட்ட வெறியில் இழுக்க, உருளைக்கிழங்கை எடுக்கவே மறந்துபோனேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது. திரும்ப மனம் வரவில்லை. அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவதே கஷ்டமாக இருந்தது.

நாலு நாள் கழித்து, சாயங்காலம் ரொட்டி சுட்டுக்கொண்டே ஏழு மணிச் சேதி கேட்டேன். மேலாற்று டைட்டஸுக்கு: மோட்டார் பனிவண்டிக்கு பெல்ட் வாங்கியாயிற்று, வியாழக்கிழமை வரும். யாரோ ஒரு பாட்டிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பிறகு அந்த அறிவிப்பாளர் கொஞ்சம் நிறுத்தினார். காகிதத்தைத் திருப்பிப் பார்த்திருப்பார் போல.

"லோர்னா ட்வீட், ஊசிக்கல் ஓடை. விறகு ஈரம்தான். ஜூன் மாதமே நீ சொன்னாய். பிளக்காமல் விட்டது நான். உன்னையும் பிளக்க விடவில்லை. புகைக்குழாயில் ஒரு குறையும் இல்லை. ஹார்லன்."

அடுப்பில் ரொட்டி கருகியது. வழக்கப்படி இரண்டாவது தடவையும் படித்தார், இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக. இருநூறு மைல் ஆற்றில் அடுப்பு எரிகிற அத்தனை வீட்டிலும் அத்தனை ஆண்பிள்ளைகளும் அதைக் கேட்டிருப்பார்கள். தன் விறகைப் பற்றி ஒருவன் இப்படி ஊர்முன்னால் சொல்லி இங்கே யாரும் கேட்டது கிடையாது. ரூஃபஸ் கேட்டிருந்தால் நாற்காலியிலிருந்து விழுந்திருப்பான். நான் ரொட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

அப்புறம்தான் பயம் வந்தது. லோர்னாவின் ரேடியோ பேட்டரி பெருங்குளிரிலேயே முக்கிக்கொண்டிருந்தது. செத்துப்போயிருந்தால்? இந்தச் சேதி அவளைத் தவிர மற்ற எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ரேடியோ செத்த வீட்டுக்குச் சேதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது கேட்டவர்கள் கடமை. விடிந்ததும் நாய்களைப் பூட்டினேன். பாதிரி பதினோரு மைலும் பிரசங்கம் செய்துகொண்டே ஓடியது.

அங்கே போய்ப் பார்த்தால் வாசலில் ஏற்கனவே டைட்டஸின் பனிவண்டி நின்றது. பெல்ட் வியாழக்கிழமைதான் வருமாம். பழைய பெல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு நாலு மைல் வந்திருந்தார் மனுஷன். எழுபது வயது. அடுப்பருகே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் சொல்லிட்டேன்" என்றார் என்னைப் பார்த்ததும், கொஞ்சம் பெருமையாக. "ரெண்டு தடவ சொல்லச் சொன்னா. சொன்னேன்."

லோர்னா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாங்க பெர்த்தா. என்ன இவ்ளோ தூரம்?"

"சேதி வந்துதும்மா. ஹார்லன்கிட்டேர்ந்து."

"அப்படியா? பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். சரியாக் கேட்டாரோ என்னவோ. நீங்க சொல்லுங்க. என்ன சொன்னாரு?"

"விறகு ஈரம்தான்னு சொன்னான்."

"ம்."

"ஜூன் மாசமே நீ சொன்னேன்னு சொன்னான்."

"அப்புறம்?"

சொல்லிக்கொண்டே வந்தவள் அலமாரியைப் பார்த்தேன். ரேடியோவின் முகத்தில் சின்ன மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேட்டரி, அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி, கம்பளியில் சுற்றி வைத்தது, கம்பியெல்லாம் சரியாக மாட்டியிருந்தது. தணிந்த குரலில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். மாவுக் கையோடு அப்படியே நின்றாள், காது மட்டும் சிவந்துகொண்டு வந்தது.

"அப்புறம்?" என்றாள் மறுபடி.

"புகைக்குழாய்ல ஒரு குறையும் இல்லன்னு சொன்னான்."

"ஆமா, அது முக்கியம்."

சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது வண்டியில் மூஸ் தோலுக்குள் பத்திரமாகச் சுற்றி எதையோ ஏற்றி வைத்திருந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். என் உருளைக்கிழங்கு. ஒரு பங்கு கோணிச்சாக்கில் இருந்தது. இன்னொரு பங்கை அந்தக் கித்தான் பையில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"இந்தப் பை உனக்கு வேணாமா? பிளேன் வர்றப்ப தேவைப்படுமே. நாளைக்கே திருப்பித் தரணுமா?" என்று கேட்டேன்.

"அவசரமில்ல" என்றாள். "அடுத்த ஜனவரிக்கு மீனு கொண்டு வருவீங்கல்ல, அதுல போட்டுக் கொண்டாங்க."